வேலைக்கு இசைந்தவர் ஆபத்துக்கும் இசைந்தவரா?

பிழைப்புக்காக ஒருவர் ஆபத்தான வேலையை ஒப்புக்கொள்கிறார். யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. என்ன வேலை என்று தெரிந்துதான் வந்தார், கூலியும் பேசி முடித்தார். சில மாதங்களில் அந்த வேலையிலேயே உயிர் போய்விடுகிறது. தெரிந்துதானே வந்தார் என்று சொல்லி வேலை கொடுத்தவர் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? சமய நூல்களும் மெய்யியலாளரும் நீதிமன்றங்களும் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி இது. மின்தொழிலில் இதன் கூர்மை அதிகம். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. கம்பியில் அது இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் வேறொருவர் கையிலுள்ள சுவிட்சைப் பொறுத்தது. அந்த வேலைக்கு வருகிறவரோ பல வாசல் ஏறி இறங்கிய பிறகே வந்திருப்பார்.

தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது ஒயர்மேன் பிரிவு முடித்த இளைஞர் முதலில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிகிறார். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார். அரசு நடத்தும் தனியார் துறை வேலை இணையதளத்தில் தேடுகிறார், வேலைவாய்ப்பு முகாமுக்குப் போகிறார், வாட்ஸ்அப் குழுவில் வரும் அறிவிப்புகளைப் பார்க்கிறார். பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர் ஒரு காண்ட்ராக்டரிடம் ஹெல்பராகச் சேர்ந்து, சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதுகிறார். எந்த வழியில் போனாலும் கண்ணில் படும் விளம்பரத்தில் சம்பளம் இருக்கும், ஊர் இருக்கும், வயது வரம்பு இருக்கும், சில வேளை தங்குமிடமும் சாப்பாடும் இருக்கும். லைன் கிளியர் (லைனை அணைத்து வேலை செய்யும் அனுமதி) யார் வாங்கித் தருவார், லைனை நிலத்தோடு இணைக்கும் எர்த் ராடு உண்டா, கையுறை எப்போது சோதிக்கப்பட்டது, தனியாகக் கம்பம் ஏறச் சொல்வார்களா என்பது இருக்காது. வேலை தேடுகிறவர் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது, ஆபத்தை ஒப்பிட முடிவதில்லை. இசைவு பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மனித உடல் தாங்கும் மின்சாரத்தின் அளவு பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் டால்சீல் இதை ஆராய்ந்தார். கையில் பிடித்த கம்பியை விட முடியாதபடி தசை இறுகிக்கொள்ளும் எல்லை எது என்று 134 ஆண்களையும் 28 பெண்களையும் வைத்து அளந்தார். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். வீட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு எடுப்பது ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர். அதில் பத்தில் ஒரு பங்கு உடலில் பாய்ந்தால் போதும், பிடித்த கை விடாது. ஈரத்தோலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் உடல் வழியே 230 மில்லி ஆம்பியர் ஓடும். இதயத் துடிப்பைச் சிதறடிக்க அதைவிடக் குறைந்ததே போதுமானது. வீட்டிலுள்ள ஃபியூஸ் 5 ஆம்பியருக்கோ 15 ஆம்பியருக்கோ போடப்பட்டது. ஒருவர் உயிரிழக்கும் மின்னோட்டத்துக்கு அது அசையவே அசையாது, ஏனென்றால் அது காப்பது கம்பியை. மனிதரைக் காக்கும் கருவி ஒன்றை 1961இல் டால்சீலே உருவாக்கினார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும், இன்று இ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.சி.பி. என்றும் கடைகளில் கேட்டு வாங்கும் கருவி அதே தத்துவத்தில் இயங்குகிறது.

டால்சீலின் சோதனைக்குள்ளேயே இசைவு பற்றிய ஒரு பாடம் இருக்கிறது. அந்த 162 பேரும் மின்சாரத்தைத் தாமாக முன்வந்து தங்கள் உடலில் ஏற்றுக்கொண்டார்கள். எவ்வளவு மின்னோட்டம் என்பது அளவுமானியில் தெரிந்தது. அது படிப்படியாகவே கூட்டப்பட்டது. வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் யாருடைய வீட்டு அடுப்பும் அணைந்திருக்காது. ஆக, ஓர் இசைவு உண்மையானதாக இருக்க மூன்று வேண்டும்: என்ன நேரக்கூடும் என்ற அறிவு, நடுவில் நிறுத்தும் வசதி, மறுத்தாலும் வாழ வழி. கம்பத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்த மூன்றில் எது இருக்கிறது என்று பார்த்தால் கேள்வியின் பாரம் புரியும்.

அறிவை எடுத்துக்கொள்ளலாம். லைனை அணைத்தாயிற்று என்று கீழிருந்து குரல் வருகிறது. அணைத்தது சரியான ஏ.பி. சுவிட்ச்தானா, பக்கத்து ஃபீடரா என்பதை மேலே இருப்பவர் பார்க்க முடியாது. சரியாகவே அணைத்திருந்தாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. ஒரு வீட்டிலோ கல்யாண மண்டபத்திலோ முறையில்லாமல் இணைத்த ஜெனரேட்டர் ஓடினால், அதன் மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, செத்துக் கிடந்த 11,000 வோல்ட் லைனை உயிர்ப்பித்துவிடும். இதற்காகத்தான் வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் எர்த் செய்யாமல் லைனைத் தொடக்கூடாது என்பது தொழிலின் அடிப்படை விதியாக இருக்கிறது. அனுபவமும் கூர்ந்த கண்ணும் கொண்ட ஒருவரால்கூட ஒரு கம்பியைப் பார்த்து அதில் மின்சாரம் உண்டா என்று சொல்ல முடியாது. மரமேறி கிளையின் வலிமையைக் காலால் அறிகிறார். மின்தொழிலாளிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் நம்புவது கம்பியை அன்று, கீழே நிற்கும் மனிதரையும் அந்த மனிதரை நிறுத்திய நிர்வாகத்தையும்.

கூலிக்குள் ஆபத்தின் விலையும் அடங்கிவிட்டது என்பது இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பழைய பதில். 1776இல் வெளியான தம் பெருநூலில் ஆடம் ஸ்மித், விரும்பத்தகாத வேலைக்குக் கூலி கூடுதலாக இருக்கும் என்று வாதிட்டார். 1842இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி லெமுவல் ஷா இதையே சட்டமாக்கினார். ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர், தண்டவாளம் பிரியும் இடத்தை வேறொரு ஊழியர் தவறாக விட்டதால் வண்டி கவிழ்ந்து வலது கையை இழந்தார். நாளுக்கு 2 டாலர் என்ற உயர்ந்த கூலியை ஏற்றபோதே இத்தகைய ஆபத்தையும், சக ஊழியரின் கவனக்குறைவையும் சேர்த்தே அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார், நிறுவனம் தர வேண்டியது ஒன்றுமில்லை என்று தீர்ப்பானது. அடுத்த அரை நூற்றாண்டில் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் உறுப்பு இழந்தவர்கள் இந்த வாதத்தை எதிர்த்தே வழக்காட வேண்டியிருந்தது.

இந்தக் கூலி வாதத்தில் ஓட்டை இருப்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இலேயே கண்டு சொல்லியிருந்தார். உடலை முறிக்கும், வெறுக்கத்தக்க வேலைகளுக்குக் கூலி கூடுவதில்லை, அநேகமாக எங்கும் அவற்றுக்கே மிகக் குறைந்த கூலி, வேறு வழியில்லாதவர்கள் மட்டுமே அங்கே வருகிறார்கள் என்றார் அவர். இன்றைய மின்தொழிலும் மில் பக்கமே சாட்சி சொல்கிறது. நிரந்தரப் பணியிலுள்ள மின்வாரிய ஊழியருக்குக் கிடைக்கும் ஊதியமும் பயிற்சியும் காப்பும், அதே கம்பத்தில் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைப்பதில்லை. ஆபத்து கூடக் கூடக் கூலி கூடும் என்ற கணக்கு, பேரம் பேச வலு உள்ளவரிடம் மட்டுமே பலிக்கிறது.

1891 இந்த விவாதத்தில் மறக்கக்கூடாத ஆண்டு. மே மாதம் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் நிலை குறித்து ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். முதலாளியும் தொழிலாளியும் தம் விருப்பப்படி உடன்படிக்கை செய்துகொள்ளலாம், ஆனால் மனிதர் செய்யும் எந்தப் பேரத்துக்கும் மேலே இயற்கை நீதி ஒன்று இருக்கிறது. வேறு வழியில்லாமலோ, இதைவிடப் பெரிய துன்பத்துக்கு அஞ்சியோ ஒருவர் கடுமையான நிபந்தனைகளை ஏற்றால் அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்பது அதன் மையம். ஜூலையில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கை முடித்துவைத்தது. ரயில்பாதைக்காகப் பாறை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளியின் தலைக்கு மேலே கிரேன் கற்களைத் தூக்கிச் சென்றது. ஆபத்து அவருக்கு மாதக்கணக்கில் தெரியும், ஆனாலும் வேலையை விடவில்லை. ஒருநாள் கல் விழுந்தது. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அதை ஏற்பது வேறு என்று சபை தீர்ப்பளித்தது. நவம்பரில் செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்க மின்தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் முதல் தலைவர் ஹென்றி மில்லர் ஒரு லைன்மேன். வேலை தேடி ஊர் ஊராக ரயிலேறிப் போய்க்கொண்டிருந்த லைன்மேன்களை அவர் ஒன்றுசேர்த்தார். ஐந்தே ஆண்டில், 1896இல், வாஷிங்டனில் மின்கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்து அவர் இறந்துபோனார்.

ஒருவரையொருவர் அறியாத மூன்று இடங்களிலிருந்து ஒரே ஆண்டில் ஒரே முடிவு வந்திருக்கிறது. அதில் சங்கத்தின் பதில் மற்ற இரண்டையும்விட நடைமுறைக்கு நெருக்கமானது. வேலை தேடித் தருவதும், பயிற்சி தருவதும், பாதுகாப்பு விதி கேட்பதும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே வளர்ந்த வழக்கம். வேலைக்கு ஆள் அனுப்பும் இடமே அந்த வேலையின் ஆபத்தையும் அறிந்த இடமாக இருந்தது. இன்றைய வேலைவாய்ப்பு ஏற்பாடுகள் பெரும்பாலும் இழந்துவிட்ட பண்பு இது.

யூத மரபு இதே கேள்வியை வேறு கோணத்தில் அணுகுகிறது. கூலியை அன்றைக்கன்றே கொடுக்க வேண்டும் என்ற வேதக் கட்டளைக்கு, யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்முது தரும் விளக்கத்தில், உயரத்தில் ஏறி மரத்தில் தொங்கி உயிரையே பணயம் வைக்கும் தொழிலாளி வருகிறார். கூலிக்காக அல்லாமல் வேறு எதற்காக அவர் அப்படிச் செய்தார் என்று அது கேட்கிறது. தொழிலாளி உயிரைப் பணயம் வைப்பதை இங்கே மரபு அறிந்திருக்கிறது, பழிக்கவும் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பிராகா நகரின் தலைமை ரப்பியாக இருந்த யெஹெஸ்கேல் லாண்டாவிடம், காடுகளுக்குச் சொந்தக்காரரான ஒரு செல்வர் வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டனுப்பினார். பிழைப்புக்காக ஆபத்துக்குள் போவதை மறை பொறுத்துக்கொள்கிறது, பொழுதுபோக்குக்காகப் போவதை அல்ல என்று லாண்டாவ் பதில் எழுதினார். பசிக்காகக் கம்பமேறுபவர் மீது குற்றம் சுமத்த இடமில்லை என்பது இதிலிருந்து தெளிவாகும். ஆனால் இந்த அனுமதி ஏறுபவருக்கு மட்டும் உரியது. ஏற்றுபவருக்கு வேறு கட்டளை. வேதத்தின் உபாகமம், புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது. அந்தச் சுவர் வருகிறவரின் சம்மதத்தைக் கேட்டுக் கட்டப்படுவதில்லை. கட்டியவரின் கடமை அது.

இங்கே ஒரு தடை எழும். விழ வேண்டும் என்று விதி இருந்தால் சுவர் இருந்து என்ன பயன்? தால்முது இதற்கும் பதில் வைத்திருக்கிறது. விழுகிறவன் படைப்பின் நாளிலிருந்தே விழ விதிக்கப்பட்டவனாக இருந்தாலும், அவன் விழ நீ காரணமாக இருக்காதே. நன்மை நல்லவர் வழியாகவும் தீமை குற்றவாளி வழியாகவுமே வந்து சேர்கிறது என்பது அதன் வாதம். விதியை மறுக்காமலேயே பொறுப்பை நிலைநாட்டும் இந்த வழி மிக நுட்பமானது.

தமிழகத்தில் இந்தத் தடை அன்றாடம் கேட்கும் பேச்சு. மின்சாரம் தாக்கி ஒருவர் இறந்தால் ஆயுசு அவ்வளவுதான், தலையெழுத்து, நேரம் சரியில்லை என்பார்கள். துக்க வீட்டில் அது ஆறுதல். இறந்தவரின் தாய்க்கு அந்தச் சொல்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லாமல் போகலாம், அதைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அதே சொல் மேற்பார்வையாளர் வாயிலிருந்து வரும்போது அது விசாரணையை மூடும் கதவாகிவிடுகிறது. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறது, ஊழின் வலிமையை அங்கே குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்து, தளராமல் முயல்கிறவர் ஊழையும் புறம் காண்பார் என்கிறது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவாளியின் செயல், அஞ்சாதிருப்பது பேதைமை என்று அறிவுடைமை அதிகாரத்தில் வரும் கருத்து மின்தொழிலுக்கென்றே சொன்னது போலப் பொருந்துகிறது. வெறுங்கையால் ஃபியூஸ் போடுகிறவரைத் தைரியசாலி என்று புகழும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. புதிதாகச் சேரும் இளைஞர் அந்தப் புகழுக்காகவே கையுறையைக் கழற்றுகிறார்.

புத்தரின் பேச்சுகளில் மோலிய சீவகர் என்ற துறவி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. மனிதர் அனுபவிப்பது எல்லாம் முன்வினைப் பயன்தான் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா என்பது கேள்வி. பித்தத்தாலும் கபத்தாலும் வாயுவாலும் பருவ மாற்றத்தாலும் கவனமற்ற நடத்தையாலும் பிறர் தாக்குவதாலும் துன்பம் வருகிறது. வினையும் ஒரு காரணம், அது ஒன்றே காரணமில்லை என்று புத்தர் விடை சொல்கிறார். எல்லாவற்றையும் வினையின் தலையில் போடுகிறவர்கள், உலகம் கண்ணால் கண்டு அறிந்ததையே மீறிப் பேசுகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. காப்பு உரிந்த கம்பி கண்ணால் கண்டு அறியக்கூடியது. எர்த் இல்லாத மோட்டாரும் அப்படியே. சிகாலோவாத சூத்திரத்தில் எஜமானரின் கடமைகளை அவர் வரிசைப்படுத்தும்போது, ஊழியரின் வலுவுக்கு ஏற்ற வேலை தருவதையே முதலில் வைக்கிறார், உணவும் கூலியும் அதற்குப் பிறகு வருகின்றன. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவனை நம்பட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாக வரும் செய்தியும் இதே திசையில் செல்கிறது. ஆயுத பூஜையன்று துணைமின் நிலையங்களிலும் பட்டறைகளிலும் கட்டிங் பிளேயருக்கும் டெஸ்டருக்கும் சந்தனப் பொட்டு வைக்கிறார்கள். கிழியாத ரப்பர் கையுறையும் எர்த் ராடும் அந்த வரிசையில் இருந்தால் வழிபாடு முழுமை பெறும்.

சமயங்களை விட்டு இன்றைய மெய்யியலுக்கு வந்தால், டி.எம்.ஸ்கேன்லன் 1998இல் வெளியிட்ட அறவியல் நூலில் நேராகவே ஒரு மின் விபத்து வருகிறது. தொலைக்காட்சி நிலையத்தின் ஒளிபரப்பு அறையில் ஓர் ஊழியரின் கை மேல் மின்கருவி விழுந்து, தாங்க முடியாத மின்னதிர்ச்சியை அவர் அனுபவித்துக்கொண்டிருக்கிறார். அவரை மீட்க ஒளிபரப்பை 15 நிமிடம் நிறுத்த வேண்டும். உலகக் கோப்பைப் போட்டி நடந்துகொண்டிருக்கிறது, ஏராளமானோர் பார்க்கிறார்கள், முடிய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். காத்திருந்தால் காயம் மோசமாகாது, வலி மட்டும் தொடரும். எத்தனை பேர் பார்த்தாலும் உடனே நிறுத்த வேண்டும் என்பது ஸ்கேன்லனின் முடிவு. பார்வையாளர்களின் சிறு சிறு இன்பங்களைக் கூட்டி ஒரு பெரிய தொகையாக்கி, அதை அந்த ஒருவரின் வேதனைக்கு எதிரே தராசில் வைக்கக்கூடாது. ஒவ்வொரு பார்வையாளரும் தனித்தனியாக அந்த ஊழியரின் முன் நின்று, எனக்காக இந்த வலியைப் பொறுத்துக்கொள் என்று சொல்ல முடியுமா என்பதே சோதனை. ஆபத்துள்ள எந்த வேலையும் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஒளிபரப்புக் கோபுரமே எழும்பாது. தகுந்த முன்காப்பு எடுத்துக்கொண்டு செய்யும் வேலையையும், கண்முன் துடிப்பவரைக் காக்க வைப்பதையும் அவர் பிரித்துப் பார்க்கிறார்.

இந்தக் கற்பனை அறை தமிழ்நாட்டில் நாள்தோறும் திறந்திருக்கிறது. பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்நிறுத்தம் என்று நாளிதழில் ஊர்ப் பெயர்கள் வருகின்றன. அந்த ஐந்து மணி நேரம்தான் லைனை அணைத்து, எர்த் செய்து, அமைதியாக வேலை பார்க்கும் நேரம். மதியம் ஆனதும் எப்போது கரண்ட் வரும் என்று தொலைபேசிகள் அலறத் தொடங்கும். புயல் முடிந்த மறுநாள் இந்த அவசரம் பல மடங்காகும். மின்விசிறி சுற்றாத ஒவ்வொரு வீட்டின் எரிச்சலும் நியாயமானதுதான்; ஆனால் அந்த எரிச்சல்கள் திரண்டு, பொறியாளர் வழியாக, மேற்பார்வையாளர் வழியாக, கடைசியில் கம்பத்திலிருப்பவரின் கைகளை வேகப்படுத்துகின்றன. எர்த் ராடு போட்டு எடுக்கும் சில நிமிடங்களே முதலில் மிச்சப்படுத்தப்படுகின்றன. ஆகவே பொறுப்பு முதலாளியோடும் வாரியத்தோடும் நின்றுவிடுவதில்லை. மின்சாரத்தைப் பயன்படுத்தும் பொதுமக்களும் அந்த வேலையைக் கொடுப்பவர்களில் ஒரு பகுதியினர். இந்தப் பங்கை மெய்யியல் நூல்கள் சொல்லிய அளவுக்குக்கூடப் பத்திரிகைகள் சொல்லவில்லை.

இசைவும் பொறுப்பும் குறித்த இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டத்தில் இரண்டு திறவுகோல்கள் இருக்கின்றன. 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்ய முன்வந்தால் அவரை அங்கே தள்ளியது பசியும் வறுமையும்தான், அதுவும் கட்டாயமே, ஆகவே அது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது. கூலி விஷயத்தில் பசியை வன்முறையாக ஏற்ற நீதி, பாதுகாப்பு விஷயத்திலும் அப்படியே பார்க்க வேண்டும் என்று வாதிட வலுவான காரணம் இருக்கிறது. கையுறை இல்லாமல் வேலை செய்ய ஒப்புக்கொண்டவரும் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டவரும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தார்கள். இன்னொன்று 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் சைக்கிளில் வீடு திரும்பிய தொழிலாளி ஒருவர், சாலையில் மழைநீரில் கிடந்த மின்கம்பியால் இறந்தார். யாரோ கொக்கி போட்டு மின்சாரம் திருடியதால் நேர்ந்தது என்றது மின்வாரியம். இவ்வளவு ஆபத்தான ஒன்றை நடத்துகிறவர், தம் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் விளைவுக்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. வழிப்போக்கருக்குக் கிடைத்த இந்தக் கண்டிப்பான பாதுகாப்பு, உள்ளே வேலை செய்பவருக்குக் குறைவாக இருக்க அறவியலில் ஒரு காரணமும் இல்லை.

இனி வேலை தேடும் இடத்துக்கே திரும்ப வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற ஏற்பாடு ஓர் அறக் கேள்வியோடுதான் பிறந்தது. பிரிட்டனில் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அலுவலகங்கள் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டன. வேலைநிறுத்தம் நடக்கும் இடத்துக்கோ, வழக்கத்திலுள்ள கூலியைவிடக் குறைந்த கூலிக்கோ போக மறுத்தவருக்கு எந்தப் பாதிப்பும் வரக்கூடாது என்று அப்போதே எழுதப்பட்டது. அமெரிக்க மாநிலங்களின் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டங்கள் இன்னும் ஒரு படி போயின. ஒருவருக்குத் தகுந்த வேலை எது என்று முடிவு செய்யும்போது உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள ஆபத்தின் அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றன. காப்பீட்டுத் தொகை கையில் இருக்கும்வரை, ஆபத்தான வேலையை மறுத்தவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இசைவுக்கு வேண்டிய மூன்றில் கடைசியான, மறுத்தாலும் வாழ வழி என்பது இப்படித்தான் ஓரளவு உருவாகிறது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் சட்டம் காலியிடங்களை அறிவிப்பதைக் கட்டாயமாக்கியது. மறுப்பவருக்குச் சோறு போடும் ஏற்பாடு அதோடு வரவில்லை.

அறிவு என்ற முதல் தேவையையாவது வேலை தேடும் கட்டத்தில் நிறைவேற்ற முடியும். மின்பணி விளம்பரத்தில், நிறுவனத்திடம் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் ஒப்பந்ததாரர் உரிமம் உண்டா, தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் பணியிடத்தில் இருப்பாரா, எந்த மின்னழுத்தத்தில் வேலை, காப்புக் கருவிகள் யார் செலவு, தொழிலாளர் ஈட்டுறுதி உண்டா என்ற ஐந்து விவரங்களைச் சேர்ப்பது கடினமான காரியமில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இவற்றில் பலவற்றை நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கின்றன; விளம்பரத்தில் சொல்ல வைப்பது அந்தக் கடமையை வேலை தேடுபவர் கண்ணுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். நேர்காணலில் கையுறை பற்றிக் கேட்கும் இளைஞரை வாயாடி என்று ஒதுக்கும் வழக்கம் இருக்கும்வரை, அந்தக் கேள்வியை அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வது அறிவிப்பை வெளியிடும் அலுவலகத்தின் வேலை.

நடுவில் நிறுத்தும் வசதி என்ற தேவைக்குச் சட்ட வடிவம் தந்த வழக்கு 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒஹையோவில் வீட்டுச் சாதனங்கள் செய்யும் வேர்ல்பூல் தொழிற்சாலையில், பொருள்கள் தலையில் விழாமல் தடுக்கக் கட்டிய கம்பி வலை மீது ஏறி வேலை செய்த பராமரிப்புத் தொழிலாளி 1974 ஜூனில் வலை அறுந்து விழுந்து இறந்தார். இரண்டு வாரத்தில் அதே வலை மீது ஏறும்படி இருவருக்கு உத்தரவு வந்தது. மறுத்ததால் அன்றைய மீதி ஆறு மணி நேரக் கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சாவோ படுகாயமோ நேரும் என்று நியாயமாக நம்பி, வேறு வழியும் இல்லாதபோது மறுத்தவரைத் தண்டிக்கக்கூடாது என்ற விதி செல்லும் என நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. அடுத்த ஆண்டு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆவது உடன்படிக்கை இதையே 13ஆவது பிரிவில் உலகுக்கான நெறியாக வைத்தது. 2022 ஜூனில் பாதுகாப்பான பணிச்சூழலை அந்த அமைப்பு தொழிலாளரின் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மறுக்கும் இந்த உரிமை ஏற்கெனவே வேலையில் இருப்பவரைக் காக்கும். நாளைக்கு வா என்று சொல்லாமல் விடுவதன் மூலமே தண்டிக்கப்படும் தினக்கூலி ஹெல்பரையும், இன்னும் வேலையே கிடைக்காமல் வரிசையில் நிற்பவரையும் அது எட்டுவதில்லை. ஒப்பந்ததாரர் மறுத்தவரை நீக்கவே வேண்டியதில்லை, அடுத்த முறை கூப்பிடாமல் இருந்தால் போதும். தண்டனை நடந்ததற்கு எழுத்தில் ஒரு சான்றும் இருக்காது. தொழிலாளியின் பெயரும் அவர் செய்த நாள்களும் மின்வாரியத்தின் பதிவேட்டிலேயே நேரடியாக ஏறினால்தான், மறுத்த மறுநாள் அவர் ஏன் அழைக்கப்படவில்லை என்று யாராவது கேட்க முடியும்.